மூன்றாம் மாடியில் பகா எண்

ஒரு ஜூன் மாதக் காலையில் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. வீட்டு உபயோகம் அல்லாத காரியத்துக்காகக் கம்ப்யூட்டர்களை இரவு பகலாக ஓட்டுவதற்கு இன்று முதல் தடை என்று பெங்காலியிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது. யார் பெயரும் இல்லை. தேவையும் இல்லை. டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற இந்தப் பழைய கட்டடத்தில் அப்படி ஓட்டுகிறவர் ஒரே ஒருவர்தான். மூன்றாம் மாடி சகுந்தலா அக்கா.

நான் தரைத்தளத்தில் இருக்கிறேன். பெயர் மாதவி, வங்கியில் வேலை. இந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிற வீடுகள் எங்கள் இரண்டும்தான். அதனால் அக்கா எனக்குச் சொன்னது மற்றவர்களுக்குச் சொன்னதைவிட அதிகம்.

அக்காவின் அப்பா ஏழுமலை ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர். கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலகத்தில் பியூனாகச் சேர்ந்து, அங்கேயே குவார்ட்டர்ஸ் வாங்கி, அங்கேயே இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். சகுந்தலா மூத்தவர், தம்பி முத்துக்குமார். வீட்டில் தமிழ், தெருவில் பெங்காலி, குழாயடியில் இந்தி. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாஷையில் கேட்டாலும் கணக்குக்கு மட்டும் முழு மார்க். கல்லூரியிலும் கணக்கே எடுத்தார்.

கடைசி வருஷத்தில் ஒரு நாள் வகுப்பில் ஒரு வகை எண்ணைப் பற்றிப் பாடம் நடந்தது. ஒன்றை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருகிற எண். மூன்று, ஏழு, பதினைந்து, முப்பத்தொன்று, அறுபத்து மூன்று, நூற்றிருபத்தேழு. இவற்றில் சில, தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் வகுபடாதவை, அதாவது பகா எண்கள். இரண்டால் எத்தனை முறை பெருக்கினோமோ அந்த எண்ணிக்கை பகா எண்ணாக இல்லாவிட்டால் விடையும் பகா எண்ணாக இருக்காது. ஆனால் எண்ணிக்கை பகா எண் என்பதாலேயே விடையும் பகா எண் ஆகிவிடாது. பதினோரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. பார்த்தால் உடையாது போலத்தான் இருக்கும். ஆனால் அது இருபத்து மூன்றும் எண்பத்தொன்பதும் பெருக்கி வந்தது.

"அன்னிக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு," என்றார் அக்கா ஒருமுறை. "பாக்கறதுக்கு எல்லாம் ஒரே குடும்பம். எது நிக்கும், எது உடையும்னு உள்ளே போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர இடம் கிடைத்தது. அந்த மாதமே ஏழுமலை அலுவலகப் படியில் மயங்கி விழுந்தவர் எழவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தம்பி எட்டாம் வகுப்பு. அப்பாவின் வேலைக்குப் பதிலாகப் பெண்ணுக்கு ஒரு கிளார்க் வேலை தருவதாகச் சொன்னார்கள். சகுந்தலா ஜாதவ்பூருக்குப் போகவில்லை. கார்டன் ரீச்சிலேயே உட்கார்ந்தார், ஓய்வு பெறும் வரை. தம்பியைப் படிக்க வைத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றது. ஒரு மாப்பிள்ளை வீட்டில், இந்தக் கணக்குப் புத்தகமெல்லாம் எதற்கு, எடைக்குப் போட்டுவிடலாமே என்றார்களாம். அக்கா மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுத்து வழியனுப்பி வைத்தார்.

இதைச் சொல்லிவிட்டு என்னிடம், "நான் அழுதுக்கிட்டே இருந்தேன்னு நெனச்சுக்காதே. எனக்குக் கோபம்தான் வந்துச்சு. இன்னும் போகல," என்றார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கோபத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் கொண்டு இதே வகைப் பகா எண்களைத் தேடுகிறார்கள் என்று படித்தார். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் அதைப் பகா எண்ணா என்று நாள்கணக்கில் சோதிக்கும். அக்கா அலுவலகங்கள் கழித்துக்கட்டிய மூன்று பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் படுக்கையறையில் வரிசையாக வைத்தார். தான் படுக்க ஹாலுக்கு வந்துவிட்டார்.

பழைய மெஷின்கள் என்பதால் புதிய எண்களில் முந்த முடியாது. ஏற்கெனவே ஒருவர் சோதித்து, 'பகா எண் இல்லை' என்று சொன்னதை மறுபடி சோதிக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். கணக்கின் கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் ஏதோ ஒரு மீதி நிற்கும். இரண்டு பேருக்கும் ஒரே மீதி வந்தால்தான் அந்த எண்ணின் கதை முடிந்தது என்று வைப்பார்கள். இதில் பெயர் கிடையாது, பேப்பரில் படம் வராது. அக்காவுக்கு அது பொருட்டே இல்லை. முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில், ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்க்காமல் மேலே அனுப்பியதில்லை என்பார்.

2024 அக்டோபரில் நாலு கோடி இலக்கத்துக்கும் மேல் நீளமான ஒரு பகா எண்ணை அமெரிக்காவில் ஒருவர் கண்டுபிடித்த செய்தி வந்தது. அதுவும் இந்த வகைதான். முத்துக்குமார் அம்பத்தூரிலிருந்து போன் செய்தார். அதான் கண்டுபிடிச்சாச்சே, இனிமே எதுக்கு உனக்கு, வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடு என்றார். அடுத்தது எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது, இந்த வகை எண்களுக்கு முடிவு உண்டா இல்லையா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்று அக்கா பதில் சொன்னார். ஒன்று கிடைத்தது என்பதற்காக யாராவது தேடுவதை நிறுத்துவார்களா என்று என்னிடம் கேட்டார். தம்பிக்கு விளங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

இந்த நோட்டீஸுக்குக் காரணம் கரண்டு. அந்தக் கோடையில் கட்டடம் முழுக்க இரண்டு தடவை மின்சாரம் போனது. தெருவில் மற்ற வீடுகளில் விளக்கு எரிந்தது, எங்களுக்கு மட்டும் இல்லை. எங்கள் கட்டடச் சங்கச் செயலாளர் தபன் நியோகி இரண்டாம் மாடி. தபன் அண்ணன் என்கிற மாதிரி அவர் எங்களுக்குத் தபன்தா. அவருடைய அம்மா ஆக்ஸிஜன் மெஷினில் இருப்பவர். மாசிமா, அதாவது சித்தி, என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். இரண்டாவது தடவை போனபோது மாசிமாவுக்கு மூச்சுத் திணறி, பக்கத்துத் தெருவிலிருந்து சிலிண்டர் வரும்வரை தபன்தா வாசலுக்கும் கட்டிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அப்போது யாரோ, மூன்றாம் மாடியில் மூன்று கம்ப்யூட்டர் ஓயாமல் ஓடுகிறதே, பிட்காயின் எடுக்கிறார்களோ என்னவோ என்று சொல்லிவைக்க, அது அப்படியே பிடித்துக்கொண்டது.

நோட்டீஸ் வந்த ஞாயிற்றுக்கிழமையே கீழே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். அக்கா பருத்திப் புடவையும் செருப்பும் அலுவலகப் பையுமாக வந்து உட்கார்ந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னார். அவருடைய பெங்காலி எங்கள் எல்லோருடையதையும்விடச் சுத்தம். பிட்காயின் இல்லை, வருமானம் இல்லை, ரகசியம் இல்லை, எண்களைச் சோதிக்கிறேன், அவ்வளவுதான் என்றார். மூன்று மெஷின்களும் சேர்ந்து இழுக்கிற கரண்டு ஒரு ஏ.சி. இழுப்பதில் பாதிகூட இல்லை, கட்டடத்தில் ஒன்பது ஏ.சி. இருக்கிறது என்பதையும் சொன்னார்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று தபன்தா கேட்டார்.

இந்த இடத்தில் எவருமே ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். பகா எண்கள்தான் வங்கிக் கணக்கைக் காப்பாற்றுகின்றன, இணையத்தில் பூட்டும் சாவியும் அவைதான் என்று சொல்லியிருக்கலாம். நானே அப்படிச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஒரு பயனும் இல்ல," என்றார் பெங்காலியில். "நான் சோதிக்கிற எண் பூட்டுக்கும் உதவாது, சாவிக்கும் உதவாது. அவ்வளவு பெரிசு. உங்களுக்குப் பயன் இருந்தாத்தான் நான் என் வீட்டுல ஒரு காரியம் செய்யணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

கூட்டம் கலைந்தது. மறுநாள் காலை அக்காவின் வீட்டில் மட்டும் கரண்டு இல்லை. கார் நிறுத்துமிடத்துச் சுவரில் இருக்கிற மீட்டர் பெட்டியைத் திறந்து, அவருடைய ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் வீட்டில் வைத்துவிட்டார் தபன்தா. மெஷின்களை நிறுத்துவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் திரும்பத் தருவேன் என்றும் சொல்லியனுப்பினார்.

நான் வங்கிக்குக் கிளம்பும்போது அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கிக்கொண்டு வந்தார். மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார். கட்டை திரும்ப வரும்வரை இங்கேதான் என்றார். நான் லீவு சொல்லிவிட்டேன். அக்காவுக்கு ஒரு கூஜா தண்ணீரும் விசிறியும் கொண்டுபோய் வைத்தேன்.

புழுக்கம் என்றால் அப்படி ஒரு புழுக்கம். அக்கா சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்துச் சிமென்ட் தரையில் எழுத ஆரம்பித்தார். மெஷின் செய்கிற அதே கணக்கைக் கையால் செய்யப்போவதாகச் சொன்னார். இரண்டால் பத்தொன்பது முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற எண்: 524287. நாலில் தொடங்க வேண்டும். அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, 524287ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி அதே மாதிரி. பதினேழு தடவை. முதலில் சின்னதாக இருந்த எண்கள் ஐந்தாம் தடவைக்குள் ஆறு இலக்கமாகிவிட்டன. பெருக்கல் வரிகள் அக்காவின் நாற்காலியிலிருந்து கிளம்பி, ஸ்கூட்டர்களைச் சுற்றிக்கொண்டு தபன்தாவின் காரை நோக்கிப் போயின. ஒரு இடத்தில் தவறு என்று தோன்ற, வெறுங்காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டார். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் வரிகளை மிதிக்காமல் தாண்டினார்கள்.

மத்தியானம் போலீஸ் வந்தது. தபன்தாதான் கூப்பிட்டிருந்தார். வந்தவர் கோலே என்ற பெண் சப்-இன்ஸ்பெக்டர், வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேலே போய் மூன்று கம்ப்யூட்டர்களையும் பார்த்துவிட்டு வந்தார். இந்த ஊரில் கம்ப்யூட்டர் வைத்துப் போனில் ஏமாற்றுகிற கும்பல்கள் உண்டு, அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று மரியாதையாகவே சொன்னார். தரையில் என்ன என்று கேட்டார்.

அக்கா பக்கத்தில் இடம் பார்த்து, சின்னதாக ஒன்று போட்டுக் காட்டினார். ஏழு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற 127. நாலு. பதினாலு. பதினாலை வர்க்கமாக்கி இரண்டு போனால் நூற்றுத் தொண்ணூற்று நாலு, அதில் நூற்றிருபத்தேழு போக அறுபத்தேழு. பிறகு நாற்பத்திரண்டு. பிறகு நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பதினொன்றின் வர்க்கத்தில் இரண்டு போனால் 12319. அது நூற்றிருபத்தேழால் மிச்சமில்லாமல் வகுபடும். கடைசியில் பூஜ்யம் என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"பூஜ்யம் வந்தா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இதை யாராலும் உடைக்க முடியாதுன்னு அர்த்தம்."

சப்-இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு பிடித்ததா என்று தெரியவில்லை. தபன்தா பக்கம் திரும்பி, ஒருவர் வீட்டுக் கரண்டைப் பிடுங்க உங்களுக்கு அதிகாரம் யார் கொடுத்தது, கட்டையைத் திரும்பப் போடுங்கள் என்றார். அப்புறம் அக்காவிடம், இவருடைய அம்மா வயதானவர், அவருடைய பயமும் நியாயம்தானே, தகராறு வேண்டாம், கோடை முடியும்வரை மெஷினை நிறுத்துவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்றார்.

அக்கா எழுந்து நின்றார்.

"மாசிமாவுக்கு ஒண்ணுன்னா நான் ஓடி வருவேன். ஆனா என் மெஷினால கரண்டு போகல. செய்யாத தப்பைச் செஞ்சேன்னு நான் எழுதித் தர மாட்டேன். இன்னிக்கு இல்ல, என்னிக்கும் இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் கட்டை பெட்டியில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். தபன்தா கட்டையைக் கொண்டுவரவில்லை. சாயங்காலம்வரை நேரம் இருக்கிறதல்லவா என்று மேலே போய்விட்டார். அக்கா மறுபடி தரையில் குந்தி உட்கார்ந்து பதினாலாவது வர்க்கத்தைத் தொடங்கினார்.

அப்போதுதான் தலைக்கு மேல் டப்பென்று ஒரு சத்தம். மின்விசிறிகள் நின்றன. மொத்தக் கட்டடமும் ஓய்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. அக்காவின் வீட்டில் காலையிலிருந்தே கரண்டு இல்லை, மூன்று மெஷின்களும் ஓடவில்லை. அதை யாரும் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா சாக்பீஸைப் போட்டுவிட்டு இரண்டாம் மாடிக்கு ஓடினார், பின்னாலேயே நான். மாசிமா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தபன்தா புதிதாக வாங்கி வைத்திருந்த சிலிண்டரின் வால்வை எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தார். அக்கா அதை வாங்கித் திருகித் திறந்தார். முகமூடியைப் பொருத்தி, மாசிமாவின் முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, மெதுவா மாசிமா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷம் போல இருக்கும். மாசிமாவின் உதட்டில் நிறம் திரும்பியது. அதற்குப் பிறகு நாங்கள் நாலு பேர் நாற்காலியோடு அவரைக் கீழே காற்றோட்டமான இடத்துக்கு இறக்கினோம். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்ததில் தரையில் இருந்த கணக்கில் பாதி அழிந்துபோனது.

செலிம்பூரிலிருந்து எலெக்ட்ரீஷியன் வந்து மெயின் பெட்டியைக் கழற்றினார். கட்டடம் கட்டிய நாளில் போட்ட வயர். இணைப்பு உருகிக் கருகிப் போயிருந்தது. இதை மாற்றச் சொல்லி மூன்று வருஷமாகக் கூட்டத்தில் பேசுவதும் தள்ளிப்போடுவதுமாக இருந்தோம், நான் உள்பட எல்லோரும்தான்.

மறுநாள் வயரை மாற்றினார்கள். தபன்தாவே ஃபியூஸ் கட்டையை எடுத்துவந்து பெட்டியில் செருகினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை, அக்காவும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆனால் படியேறும்போது நோட்டீஸ் ஒட்டியிருந்த இடத்தில் அக்கா நின்றார். தபன்தா இரண்டு படி கீழே இருந்தார். இது இன்னும் இங்கே இருக்கிறதே என்றார் அக்கா. அடுத்த கூட்டத்தில் பேசி எடுத்துவிடலாம் என்றார் அவர். அக்கா நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, முழு நோட்டீஸையும் ஒரே இழுப்பில் உரித்து, நாலாக மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே போனார்.

தரையில் விட்ட கணக்கை முடிக்கவில்லையா என்று அன்றைக்குக் கேட்டேன். அதுக்கு விடை எப்பவோ தெரிஞ்சது, பூஜ்யம்தான் வரும், தெரியாதது மேலே காத்துக்கிட்டிருக்கு என்றார்.

மூன்று மெஷின்களும் நிறுத்திய இடத்திலிருந்தே தொடர்ந்தன. ஆகஸ்டில் அதில் ஒன்று வேலையை முடித்தது. பூஜ்யம் வரவில்லை, ஏதோ ஒரு மீதி. அந்த எண் பகா எண் இல்லை. ஆனால் முதலில் சோதித்தவருடைய மீதி வேறு, அக்காவுக்கு வந்த மீதி வேறு. யாரோ ஒருவருடைய மெஷின் நடுவில் பிசகியிருக்கிறது. இப்படி ஆனால் மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டர் சோதிக்க வேண்டும். அந்த வாரங்களில் அக்கா கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தார். பழைய மெஷின், ஜூனில் கரண்டு வேறு படார் படாரென்று போனது, பிசகியது நம்முடையதாகவும் இருக்கலாம் என்று அவரே சொன்னார். துர்கா பூஜைக்கு முன்னால் மூன்றாவது விடை வந்தது. எந்த நாட்டுக்காரர் சோதித்தார் என்றும் தெரியாது. அக்காவின் மீதியும் அவருடைய மீதியும் ஒன்றாக இருந்தன. பல வருஷமாகத் தப்பாக நின்ற ஒரு விடை திருத்தப்பட்டது.

முத்துக்குமார் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆக இத்தனை சண்டை போட்டதுக்கு அது பகா எண்ணும் இல்லையா அக்கா என்றார் தம்பி.

"இல்லைன்னு இப்பத்தான் உறுதியாச் சொல்ல முடியுது முத்து. அதுவரைக்கும் எல்லாரும் சும்மா நம்பிக்கிட்டு இருந்தாங்க."

அம்பத்தூருக்கு எப்போது வருகிறாய் என்று அவர் கேட்டார். பொங்கலுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன், அதற்குமேல் இங்கே வேலை இருக்கிறது என்றார் அக்கா.

காளி பூஜை முடிந்த வாரம் வாசலில் ஒரு சைக்கிள் வேன் வந்து நின்றது. மேலே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு படியேற, அக்கா முன்னால் போய் மூலைக்கு மூலை வழி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடி வாசலில் மாசிமாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தபன்தா நின்றிருந்தார். பெட்டிக்குள் என்ன என்று அவர் கேட்கவில்லை.

"நாலாவது," என்றார் அக்கா, நிற்காமல்.